புவியியல் மாநாட்டு மாணவர் போட்டி: கட்டுரையிலும் போஸ்டரிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சின்ன விஷயம் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்ல ஆய்வு கையில் இருந்தும் இதில் கோட்டை விடுகிறவர்கள் உண்டு. மாநாட்டுக்குப் பெயர் பதிந்துவிட்டால் மாணவர் போட்டியிலும் தானாகவே பெயர் சேர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். பல மாநாடுகளில் போட்டிக்குத் தனிப் படிவம் இருக்கும், முழுக் கட்டுரையை முன்கூட்டியே கேட்பார்கள், விரிவுரையாளர் பெயரும் சேர்ந்திருந்தால் மாணவர் பிரிவில் எடுத்துக்கொள்ளாத இடங்களும் உண்டு. போஸ்டரை நெட்டுவாக்கில் செய்வதா குறுக்குவாக்கில் செய்வதா என்பது கூட அந்த அறிவிப்பின் ஏதோ ஒரு மூலையில்தான் இருக்கும். கடைசி வரி வரை படியுங்கள். சரி, விஷயத்துக்கு வருவோம்.

‘பினாங்கில் நகரமயமாதலும் வெள்ளமும்’ என்று தலைப்பைப் பார்த்ததுமே நடுவருக்குக் கொட்டாவி வந்துவிடும். வெள்ளத்தைப் பற்றி எழுதுவது தப்பே இல்லை, ஆனால் அந்தத் தலைப்பில் கேள்வி எங்கே இருக்கிறது? 2017 நவம்பர் 4 இரவு கொட்டிய மழையில் பினாங்குத் தீவும் எதிர்க்கரையில் உள்ள செபராங் பிறையும் பட்ட பாடு எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதே இரவில் சுங்கை பினாங்கு ஆற்றோரத்தில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு குடியிருப்புகளை எடுத்துக்கொண்டு, தண்ணீர் எங்கே முதலில் வடிந்தது, எங்கே தேங்கி நின்றது, அதற்குக் கடல் ஏற்றம் காரணமா, தரைமட்டமா, அடைத்துக்கொண்ட வடிகாலா என்று கேட்டுப் பாருங்கள், அங்கே ஆய்வு தொடங்கிவிடும். இடம் சின்னதாக இருந்தால் ஆய்வையும் சின்னதாக நினைப்பார்களோ என்ற பயம் வேண்டாம். இளங்கலை மாணவருக்குக் கிடைக்கும் நேரத்தில் ஒரு மாநிலத்தையே அலசப் பார்த்தால் எதிலும் ஆழம் இருக்காது.

அடுத்தது வரைபடம். புவியியல் போட்டியில் நடுவரின் கண் முதலில் அங்கேதான் போகும், பலர் சறுக்குவதும் அங்கேதான்.

டிங்கியை எடுத்துக்கொள்வோம். பினாங்கின் ஐந்து மாவட்டங்களையும் வரைந்து, எங்கே எத்தனை பேருக்கு டிங்கி வந்தது என்ற எண்ணிக்கையை அப்படியே நிறமாகப் பூசிவிடுகிறார்கள். வடகிழக்கு மாவட்டம் கருஞ்சிவப்பு. வேறென்ன வரும்? ஜார்ஜ்டவுன் அங்கேதானே இருக்கிறது, தென்மேற்கு மாவட்டத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் ஜனங்கள் அங்கே குடியிருக்கிறார்கள். அந்த வரைபடம் காட்டுவது மக்கள் தொகையைத்தான், நோயை அல்ல. நிறம் பூசுவதாக இருந்தால் ஒரு லட்சம் பேருக்கு எத்தனை என்று வகுத்துப் பூசுங்கள், வெறும் எண்ணிக்கைதான் காட்ட வேண்டும் என்றால் பெரிதும் சிறிதுமான வட்டங்களாகப் போடுங்கள்.

வகுத்துவிட்டாலும் வேலை முடியவில்லை. தென்மேற்கு மாவட்டத்துக்கு ஒரே நிறம் கொடுத்தால் பாலிக் பூலாவ் டுரியான் தோட்டமும் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையும் ஒன்றாகிவிடுகின்றன. எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோமோ அதற்கேற்ப முடிவே மாறும். 1979இல் ஓப்பன்ஷா, டெய்லர் என்ற இரண்டு புவியியலாளர்கள் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து 99 கவுண்டிகளை வெவ்வேறு விதமாகக் கூட்டிச் சேர்த்துப் பார்த்தார்கள். முதியவர் விகிதத்துக்கும் குடியரசுக் கட்சி வாக்குக்கும் உள்ள தொடர்பு, சேர்க்கும் விதத்தைப் பொறுத்து, கிட்டத்தட்ட முழு எதிர்மறையில் இருந்து முழு நேர்மறை வரை போய் வந்தது. தரவு அதே தரவுதான்! ‘மாவட்டத்துக்குப் பதிலாக முக்கிம் (மாவட்டத்தின் உட்பிரிவு) அளவில் பார்த்திருந்தால்?’ என்று நடுவர் கேட்டால் விழிக்காமல் பதில் சொல்லத் தெரிய வேண்டும். முடிந்தால் இரண்டு அளவிலும் செய்து பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

புரொஜெக்‌ஷன் கதை தனி, அதாவது உருண்டையான பூமியைத் தட்டையான தாளுக்குக் கொண்டுவரும் முறை. பள்ளிக்கூடத்தைச் சுற்றி 500 மீட்டர் பஃபர் (சுற்று வளையம்) போடப் போகிறவர், லேயர் (வரைபட அடுக்கு) மீட்டரில் இல்லாமல் டிகிரியில் இருப்பதைக் கவனிக்காமல் 500 என்று தட்டுகிறார், கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் அதை 500 டிகிரியாக எடுத்துக்கொண்டு உலகத்தையே மூடிவிடுகிறது. இதாவது உடனே தெரிந்துவிடும். தெரியாமல் உள்ளே உட்கார்ந்துகொள்ளும் தவறுதான் ஆபத்து. கெர்த்தாவ் என்ற பழைய ஆயத்தொலை அடிப்படையில் அச்சான பழைய நிலவரைபடத் தாளில் இருந்து எடுத்த புள்ளிகளை மாற்றாமல், ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்று ஏற்றினால், எல்லாமே நூறு மீட்டருக்கு மேல் கிழக்கே நகர்ந்துவிடும், ஜார்ஜ்டவுன் கடலோரத்துப் பெங்காலான் வெல்ட் கடைவீடுகள் நீரிணைக்குள் போய் நிற்கும். தீபகற்ப மலேசியாவுக்கு மீட்டரில் அளக்கும் ஜிடிஎம் 2000 ஆர்எஸ்ஓ என்ற முறை இருக்கிறது, மென்பொருளில் அதைத் தேட இபிஎஸ்ஜி எண் 3375. எல்லா லேயரையும் அதற்கு மாற்றிய பிறகு அளக்கத் தொடங்குங்கள்.

கோலாலம்பூர் மாணவர்களுக்குப் பிடித்தது நகர வெப்பத்தீவு, அதாவது புறநகரைவிட நகரம் சூடாக இருப்பது. லேண்ட்சாட் 8 படம் ஒன்றை இறக்கி, சிவப்பும் மஞ்சளுமாகப் போட்டு, ‘நகரில் காற்றின் வெப்பநிலை இவ்வளவு’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்தச் செயற்கைக்கோள் அளப்பது தரை, கூரை, தார்ச்சாலை ஆகியவற்றின் மேற்பரப்புச் சூட்டை, காற்றின் சூட்டை அல்ல. நம் ஊருக்கு மேலே அது வருவது காலை 11.20 வாக்கில், ஆனால் நகரத்துக்கும் புறநகருக்கும் காற்றின் சூட்டில் உள்ள வித்தியாசம் பொதுவாக இரவில்தான் நன்றாகத் தெரியும். வெப்பத்தைப் பதியும் பட்டையின் உண்மையான நுணுக்கம் 100 மீட்டர், அதை 30 மீட்டராக மாற்றித்தான் கொடுக்கிறார்கள், அதனால் ஒவ்வொரு வீட்டின் சூட்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு மேகம் வேறு. ஒரே ஒரு தெளிவான படத்தை வைத்து ‘இருபது ஆண்டு மாற்றம்’ என்று எழுதாதீர்கள். ‘இந்தத் தேதி, இந்த நேரம், மேற்பரப்பு வெப்பம்’ என்று அடக்கமாகச் சொன்னால் நடுவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரும்.

நேர்காணல் ஆய்வு செய்பவர்களுக்கு இரண்டு விஷயம். கூகுள் படிவத்தை வாட்சப் குழுவில் போட்டு, நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் நிரப்பிய பதிலை வைத்துக்கொண்டு ‘பினாங்கு மக்களின் கருத்து’ என்று எழுதக் கூடாது. யார் நிரப்பினார்கள் என்பதைச் சொல்லி, அவர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னொன்று, நம் பிள்ளைகள் பலர் தாத்தா பாட்டி வேலை செய்த தோட்டத்தையே ஆய்வுக்கு எடுக்கிறார்கள், பிறகு அந்த உறவை மறைத்து யாரோ எழுதியதுபோல் எழுதுகிறார்கள். மறைக்க வேண்டாம். எப்படி உள்ளே போனீர்கள், யார் பேசினார்கள், யார் பேச மறுத்தார்கள் என்று ஆய்வுமுறைப் பகுதியில் எழுதினால் அதுவே உங்கள் பலம். ஆனால் பேட்டி கொடுத்தவர் வீட்டைப் புள்ளியாக வரைபடத்தில் வைத்துவிடாதீர்கள். பெயரை மாற்றிவிட்டு வீட்டைக் காட்டிக்கொடுத்தால் என்ன பிரயோஜனம்?

போஸ்டரின் தோற்றத்துக்கு வந்தால், பலரை மாட்டிவிடுவது எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று காட்டும் குறிவிளக்கம்தான். ஜிஐஎஸ் மென்பொருள் கொடுத்தபடியே ‘கிளிப்_ஃபைனல்_2’ என்று லேயர் பெயர் நிற்கும், அதற்குக் கீழே 23.458712 – 41.902211 என்று ஆறு தசமத்தில் எண்கள் வரிசை கட்டும். முழு எண்ணாக்குங்கள், மனிதருக்குப் புரியும் பெயர் வையுங்கள், தரவு எந்த ஆண்டினுடையது என்று எழுதுங்கள். சிவப்பு பச்சை ஜோடியைத் தவிருங்கள், நிறக்குருடு உள்ளவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியலாம். கட்டுரையின் பத்திகளை வெட்டி ஒட்டி ஏ0 தாளை நிரப்பினால், அவ்வளவையும் நின்றுகொண்டு படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

பேசும்போது நேரம்தான் எதிரி. மொத்தமே 15 நிமிடம் வாக்கில்தான் கொடுப்பார்கள், கேள்வியும் அதற்குள்ளேயே. முன்னோர் ஆய்வுகளிலேயே பாதி நேரத்தைக் கரைத்துவிட்டு, மாதக் கணக்கில் உழைத்த வரைபடத்தைக் கண் சிமிட்டும் நேரத்தில் தாண்டிப் போகிறார்கள். வரைபடத்தில் நின்று, விரலால் காட்டி, இங்கே ஏன் இப்படி என்று சொல்லுங்கள். ஆங்கிலத்திலோ மலாயிலோ ஒத்திகை பார்ப்பதற்கு முன் வீட்டில் ஒரு தடவை தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘சரி, அங்கே மட்டும் ஏன் தண்ணி நிக்குது?’ என்று அத்தை கேட்டு உங்களிடம் பதில் இல்லை என்றால், நடுவரிடமும் இருக்காது.

அப்புறம் அச்சு. ஏ0 என்பது 841 × 1189 மில்லிமீட்டர், மடிக்கணினித் திரையில் பளிச்சென்று தெரிந்த ஸ்கிரீன்ஷாட் அந்த அளவில் கட்டம் கட்டமாக உடைந்துபோகும். வரைபடத்தை ஜிஐஎஸ்ஸில் இருந்தே பிடிஎஃப்பாக எடுங்கள், அதில் ஒரு மூலையை மட்டும் உண்மையான அளவில் ஏ4 தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று படியுங்கள். படிக்க முடிந்தால் கடைக்கு அனுப்பலாம்.