முகநூல் பழக்கத்தோடு ஐநேச்சுரலிஸ்டுக்குள் போகாதீர்கள்: புதியவர்களுக்கான செய்முறை

கறிவேப்பிலைச் செடியில் குருவி எச்சம் போல ஏதோ ஒட்டியிருக்கும். குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரட்டைக் கொம்பு ஒன்று நீளும், கூடவே ஒரு நெடியும் வரும். வண்ணத்துப்பூச்சியின் புழுதான் அது. படமெடுத்து முகநூலில் போட்டால் சித்தப்பா 'சூப்பர்' என்பார், பக்கத்து வீட்டுக்காரர் 'மருந்து அடிங்க' என்பார். எல்லோரும் உங்களைத் தெரிந்தவர்கள். புழுவைத் தெரிந்தவர் அதில் ஒருவராவது இருப்பாரா என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

உயிரினங்களைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளம் வேறு மாதிரி இடம். 2008-ல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவர்களின் முதுகலைத் திட்டமாகத் தொடங்கியது. 2023 முதல் தனி லாப நோக்கற்ற அமைப்பு. அங்கே உங்களை யாரும் தேட மாட்டார்கள். புழுவைத் தேடி வருவார்கள்.

படி 1: கணக்கு
13 வயது நிரம்பியிருக்க வேண்டும், இல்லையென்றால் பெற்றோரின் அனுமதி வேண்டும். புனைபெயர் போதும், நண்பர்கள் யாரையும் சேர்க்கத் தேவையில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு 'சீக்' என்ற செயலி இருக்கிறது. அதற்குக் கணக்கே வேண்டாம்.

படி 2: படம்
ஒரு பதிவு என்றால் ஓர் உயிர், ஒரு நேரம், ஓர் இடம். மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒன்று, அது உட்கார்ந்திருக்கும் இலை தெரிய இன்னொன்று. மூன்றையும் ஒரே பதிவில் போடலாம். நாளைக்கு அதே புழுவைப் பார்த்தால் அது புதுப் பதிவு. நீங்கள் எடுத்த படமாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த படத்தில் தேதியும் இடமும் பெரும்பாலும் உதிர்ந்துபோயிருக்கும். போனில் உள்ள மூலப்படத்தையே ஏற்றுங்கள்.

படி 3: இடம்
முகநூலில் இடம் என்பது ஊர் சுற்றியதற்கு அத்தாட்சி. இங்கே அது தகவலின் பாதி, விடாதீர்கள். வீட்டு முகவரி வெளியே தெரியுமே என்றால் இடத்தை மறைக்கும் தேர்வு உண்டு: சுமார் 20 கிலோமீட்டர் அகலமுள்ள கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியாக மட்டும் காட்டும். அழியும் நிலையில் உள்ள பல உயிரினங்களுக்குத் தளமே இப்படி மறைத்துவிடுகிறது.

படி 4: பெயர்
படத்தைப் பார்த்துக் கணினியே சில பெயர்களைச் சொல்லும். மேலே இருப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டாதீர்கள். எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற இரண்டு வண்ணத்துப்பூச்சிகளின் இளம் புழுக்களும் எச்சம் போலத்தான் இருக்கும். இரண்டுமே கறிவேப்பிலை தின்னும். அதனால் இரண்டுக்கும் பொதுவான 'பாப்பிலியோ பேரினம்' என்று நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை. வெறும் 'பூச்சி' என்றாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

தொட்டியில் நட்ட செடியைப் பதிவு செய்தால் 'வளர்க்கப்பட்டது' என்று குறிக்க வேண்டும். அதன் மேல் தானாக வந்த புழுவுக்கு அது வேண்டாம், அது காட்டுயிர்தான்.

படி 5: யாராவது மறுத்தால்
புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். முன்பின் தெரியாத ஒருவர் வணக்கம்கூடச் சொல்லாமல் வேறு பெயரைப் போட்டுவிட்டுப் போவார். கோபப்பட ஒன்றுமில்லை, இங்கே மரியாதையே அதுதான். எதை வைத்துச் சொன்னீர்கள் என்று கேளுங்கள். பலர் பொறுமையாக விளக்குவார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல், 'சார் சொன்னால் சரிதான்' என்று மரியாதைக்காக ஒப்புதல் பொத்தானை அழுத்துவது. முகநூலில் விருப்பம் போடுவதால் யாருக்கும் நஷ்டமில்லை. இங்கே ஒப்புதல் என்பது ஓட்டு. தேதி, இடம், படம் எல்லாம் இருந்து, குறைந்தது இரண்டு பேர் பெயர் சொல்லி, அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே இனத்தைச் சொன்னால் பதிவு 'ஆய்வுத் தரம்' பெறும். பதிவுக்கு நீங்கள் தந்த உரிமம் இடம் கொடுத்தால் அங்கிருந்து ஜிபிஐஎஃப் என்ற உலகத் தரவுக் கிடங்குக்குப் போய், ஆய்வாளர்கள் கைக்கு வரும். ஆக, அவர் சொன்ன அடையாளம் உங்கள் கண்ணுக்கும் தெரிந்தால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். நன்றி சொல்லத் தனியாகக் கருத்துப் பெட்டி இருக்கிறது.

படி 6: அடுத்தவர் பதிவுகள்
முகநூலில் வரும் பதிவுகளைத் தளம் உங்கள் முன்னால் கொண்டுவந்து கொட்டும். இங்கே நீங்களே தேடிப் போக வேண்டும். உங்கள் மாவட்டத்தை வடிகட்டியில் தேர்ந்தெடுத்து, காகம், வேம்பு, எருக்கு என்று சந்தேகமில்லாமல் தெரிந்தவற்றில் தொடங்குங்கள். பெயரே போடாமல் கிடக்கும் பதிவுகளும் நிறைய இருக்கும். சிலந்தி பார்ப்பவர் சிலந்தி என்று வடிகட்டித்தான் தேடுவார். பெயரில்லாதது அவர் கண்ணில் படவே படாது. நீங்கள் 'சிலந்தி' என்று மட்டும் போட்டுவிட்டால் போதும், அது அவர் பட்டியலில் போய் விழுந்துவிடும்.