பயத்த எப்படிங்க ஒட்டறது? மொதத்தடவ கொலாஜ் செய்யறவங்களுக்கு

போன மாசம் கோயமுத்தூர்ல ஒரு சின்ன ஹால்ல என்ர கொலாஜ் (காகிதம், சின்னச் சின்னப் பொருளுன்னு வெட்டி ஒட்டிச் செய்யற படம்) ஒம்பது மாட்டியிருந்தேனுங்க, எல்லாமே பயத்தப் பத்தினது, தலைப்பு 'பத்திரம்'. ஊருக்குக் கெளம்பறப்ப அம்மா சொல்ற பத்திரமும் அதுதான், பீரோவுல பூட்டி வெச்சிருக்கற காட்டுப் பத்திரமும் அதுதான். வந்தவங்கள்ல நாலஞ்சு பேரு இத நாங்களும் செய்யலாமான்னு கேட்டாங்க. தாராளமா செய்யலாம், வரையத் தெரியவே வேண்டாம், கத்தரி புடிக்கத் தெரிஞ்சா போதும்.

மொத சோலி பொருள் சேக்கறது. இங்கதான் எல்லாரும் கோட்ட விடறோம், பயம்னதும் மண்டையோடு, கத்தற மூஞ்சின்னு நெட்ல தேடி ஒட்டிப்போடறோம், பாக்கறவனுக்கு ஒண்ணும் ஆகாது. அதுக்குப் பதிலா பயம் வந்தா நீங்க என்ன பண்றீங்கன்னு ஒரு வாரம் கவனிச்சு எழுதி வைங்க. நான் கேஸ் ரெகுலேட்டர மூணு தடவ பாப்பேன், பூட்டுன பூட்ட ஒருக்கா இழுத்துப் பாப்பேன், பஸ் ஏறுனவங்க போய்ச் சேந்துட்டேன்னு மெசேஜ் போடறவரைக்கும் நெஞ்சு கெதக்குன்னே கெடக்கும். ஆக என்ர டப்பாவுல சேந்தது கேஸ் பில்லு, பஸ் டிக்கெட், சாவிக்கொத்து ஜெராக்ஸ் (சாவிய மிசின் கண்ணாடி மேல அப்படியே வெச்சு எடுத்தது, அருமையா வருது), குழந்தைக்குக் கட்டுன கறுப்புக் கயிறு, அப்பறம் கோயில்ல சாமிகிட்ட உத்தரவு கேக்கறதுக்குப் பூ கட்டுன பொட்டலக் காகிதம்.

ஒரு சாதாரண பொருளு எப்படி பயத்தக் கெளப்பும்னு சந்தேகம் இருந்தா காங்கயம் பக்கத்துல சிவன்மலை முருகன் கோயிலுக்குப் போய்ட்டு வாங்க. யாராவது ஒரு பக்தர் கனவுல முருகன் வந்து ஒரு பொருளச் சொல்லுவாரு, பூப்போட்டு உத்தரவு வாங்கி அத கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெப்பாங்க, அடுத்த ஆளுக்குக் கனவு வர்றவரைக்கும் அதுதான் இருக்கும். தண்ணி வெச்சாங்க, 2004ல சுனாமி வந்துச்சுன்னு சனங்க இன்னமும் பேசறாங்க. பெட்டிக்குள்ள ஒரே ஒரு பொருளுதானுங்க, ஊரே வெசனப்படுது, ஊரே கும்புடுது. எனக்குத் தெரிஞ்சு இதவிடப் பெரிய எக்ஸிபிஷன் நம்ம பக்கம் கெடையாது.

கயிறு ஒட்டறதெல்லாம் கலையான்னு மாமா ஒருத்தர் கேட்டாரு. பிக்காசோவே 1912ல பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சடிச்ச ஆயில் கிளாத்த படத்துல ஒட்டி, சுத்தியும் கயித்தத்தான் பிரேமா வெச்சாருங்க மாமான்னேன், அதோட விட்டுட்டாரு.

அடுத்தது அடி அட்டை. ஏ3 சைஸ்ல, அதாவது 29.7க்கு 42 சென்டிமீட்டர், மவுண்ட் போர்டு வாங்குங்க, சார்ட் பேப்பர் வேண்டாம், பசை பட்டா அப்பளமாட்ட சுருண்டுக்கும். மேல ஒட்டப்போற பத்திரம், போட்டோ எதுவா இருந்தாலும் ஒரிஜினல் மேல கத்தரி வெக்காதீங்க, ஜெராக்ஸ் எடுத்துக்குங்க. வீட்டு இங்க்ஜெட் பிரிண்டர்ல எடுத்தா ஈரத்துல மை பெரும்பாலும் கரைஞ்சு ஓடிரும், கடை ஜெராக்ஸ் டோனர்ல வர்றதால ஓடாது. நியூஸ்பேப்பர் துண்டு ஒட்டுனீங்கன்னா மரக்கூழ்ல இருக்கற லிக்னினால கொஞ்ச நாள்ல மஞ்சளாயிரும். எனக்கு அந்த மஞ்சள் புடிக்கும், புடிக்காதவங்க அதையும் ஜெராக்ஸ் எடுத்துருங்க.

உடனே ஒட்டீராதீங்க. எல்லாத்தையும் சும்மா பரப்பி மாத்தி மாத்தி வெச்சு ஒவ்வொரு தடவையும் போன்ல போட்டோ எடுங்க, ரெண்டு நாள் கழிச்சு அந்தப் போட்டோவ எல்லாம் பாத்தா எது சரின்னு தானாத் தெரியும். பாதி அட்டை காலியாவே கெடக்கட்டும். ரெகுலேட்டர் படத்துல நான் அத அட்டையோட ஒரு மூலையில மட்டும் வெச்சேன், மீதி எல்லாம் வெறும் சமையக்கட்டு சொவுத்துக் கலரு.

இப்ப ஒட்டற வேலை. மைதாப் பசை மலிவுதான், ஆனா பூச்சி வந்து தின்னும், அதனால ஃபெவிகால் ரெண்டு பங்குக்கு ஒரு பங்கு தண்ணி கலந்துக்குங்க. துண்டோட பின்னாடி பசை தடவி ஒரு நிமிசம் விடுங்க, காகிதம் ஈரத்துல விரியும், விரிஞ்ச பொறவு ஒட்டுனா சுருக்கம் விழாது. பழைய ஏடிஎம் கார்ட வெச்சு நடுவுல இருந்து ஓரத்துக்குத் தள்ளிக்கிட்டே வாங்க. அட்டையோட பின்பக்கமும் ஒரு வெள்ளைக் காகிதம் கட்டாயம் ஒட்டோணும், இத நான் செய்யாம விட்டு மொத அட்டை முறமாட்ட வளைஞ்சு போச்சு, ஏன்னா காயறப்ப ஒட்டுன பக்கம் மட்டும் இழுக்கும். மேல பிளாஸ்டிக் ஷீட் போட்டு கனமான புக்கு நாலு வெச்சு ராத்திரி பூரா விட்ருங்க.

செய்யறப்ப நெஞ்சு படபடன்னு அதிகமாச்சுன்னா எடுத்து வெச்சுட்டு எந்திரிச்சுருங்க, கொலாஜ் எங்கயும் ஓடாது. பொழுதுக்கும் அப்படியே இருக்குதுன்னா 14416க்கு போன் போடுங்க, டெலிமானஸ்ங்கற கவர்மெண்ட்டு மனநல உதவி லைன், காசில்லை, எந்நேரமும் பேசலாம்.

மாட்டறது சுலபம். படத்தோட நடு, தரையில இருந்து சுமாரா 145 சென்டிமீட்டர்ல வர்ற மாதிரி ஆணி அடிங்க. டபுள் சைடு டேப்ப நம்பாதீங்க, ராத்திரியில ரெண்டு படம் கீழ கெடந்துச்சு. பக்கத்துல சீட்டுல தலைப்பு, என்ன பொருளு, சைஸ், வருசம், அவ்வளவுதான், வெளக்கம் எழுதாதீங்க.

நான் எழுதல. ரெண்டாவது நாளு ஒரு ஆத்தா ரெகுலேட்டர் படத்துக்கு முன்னாடி கொஞ்ச நேரம் நின்னாங்க, ஒண்ணும் சொல்லாம வெளிய போயி மகனுக்கு போன் போட்டாங்க. "ஏஞ்சாமி, நான் அடுப்ப நிறுத்திட்டுத்தான வந்தேன், ஒருக்கா போய்ப் பாரு."