இருகைத் தூண்டிற்கோலும் எட்டாம் எண் லைனும்: என் அனுபவம்

பதின்மூன்றடி நீளமுள்ள, பூட்ட வேண்டிய லைனின் எடைப்பிரிவாக 8 என்று எண்ணிட்ட இருகைத் தூண்டிற்கோலில், அதே 8 எண்ணுள்ள ஃபிளை லைனை, அதாவது தன் எடையாலேயே தூண்டிலைத் தூரம் கொண்டுசெல்லும் தடித்த நூலைப் பூட்டி ஆற்றில் வீசியபோது, கோல் வளையவே இல்லை. எனக்குப் பின்னால் லைனில் உருவாக வேண்டிய, ஆங்கில D எழுத்து வடிவ வளையம் தொய்ந்து, லைன் என் காலடியிலேயே குவிந்தது.

முதலில் லீடரை, அதாவது லைனின் நுனியையும் தூண்டிலையும் இணைக்கும் மெல்லிய நூலை மாற்றினேன். பிறகு என் வீச்சைச் சந்தேகித்து, மேல்கையின் வேகத்தைக் குறைத்தும் கூட்டியும் மூன்று நாட்களைக் கழித்தேன், தோள்வலிதான் மிஞ்சியது.

நான்காம் நாள், லைனின் முதல் 30 அடியைச் சுருட்டிச் சிறு மின்னணுத் தராசில் வைத்தபோது சுமார் 13.6 கிராம், அதாவது 210 கிரெய்ன் காட்டியது. ஒருகைக் கோலுக்கான 8 எண்ணின் அளவு அதுவேதான். இருகைக் கோலின் எண் வேறு அளவுகோலைச் சேர்ந்தது என்பதை நான் அறிந்திருக்கவில்லை. கைப்பிடிக்குச் சற்று மேலே, வார்னிஷுக்கு அடியில், 510 முதல் 570 கிரெய்ன் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததையும் அன்றுதான் கவனித்தேன்.

540 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 35 கிராம் எடையுள்ள ஸ்காஜிட் ஹெட்டை, அதாவது லைனின் முன்பகுதியாக அமையும் குட்டையான, கனத்த துண்டைப் பூட்டினேன். இவ்வகை ஹெட்டின் மேல் குறித்த எடையில் முனையில் கோக்கும், நீரில் மூழ்கும் நூல்துண்டான டிப்பின் எடை சேராது என்பதால், டிப் இல்லாமல் ஹெட்டை மட்டும் நிறுத்துப் பார்த்தே கோலின் வரம்போடு ஒப்பிட்டேன். முதல் வீச்சிலேயே கோல் கைப்பிடிவரை வளைந்தது.