கிளாஸ்ல ஒருத்தனை எல்லாரும் சேர்ந்து ஓட்டும்போது பக்கத்துல நிக்கிற நீங்க என்ன பண்ணலாம்

ஸ்கூல்ல ஒரு பையனையோ பொண்ணையோ நாலு பேர் சேர்ந்து வம்புக்கு இழுக்கறதைப் பத்தி யார் பேசினாலும் ஒண்ணு அடி வாங்கற பிள்ளைக்கு அட்வைஸ் சொல்வாங்க, இல்லன்னா அவங்க அப்பா அம்மாவுக்கு சொல்வாங்க. நான் இதை எழுதறது சுத்தி நிக்கிற மத்த பசங்களுக்கு. ஏன்னா அந்த இடத்துல நீங்கதான் எண்ணிக்கைல அதிகம், டீச்சர் வர்றதுக்கு முன்னாடியே அங்க இருக்கறதும் நீங்கதான்.

கனடால ஆராய்ச்சி பண்றவங்க ஸ்கூல் கிரவுண்ட்ல கேமரா, மைக் வெச்சு பசங்களோட விளையாட்டு நேரத்தைப் பதிவு பண்ணிப் பார்த்தாங்க, 2001ல அந்த ஆய்வு வெளிவந்துச்சு. வம்பு நடந்ததுல 10ல கிட்டத்தட்ட 9 தடவை மத்த பசங்க பக்கத்துலயே இருந்திருக்காங்க, ஆனா யாராவது உள்ள புகுந்து தடுத்தது 5ல 1 தடவைதான். அப்படித் தடுத்ததுல பாதிக்கும் மேல 10 செகண்டுக்குள்ள வம்பு நின்னுடுச்சு. 10 செகண்டுங்க! இதைப் படிச்சதுல இருந்து இதை எல்லா பிள்ளைங்களுக்கும் சொல்லணும்னு எனக்கு ஒரே தவிப்பு.

முதல்ல இது விளையாட்டா வம்பான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது. ஸ்வீடன், நார்வேல இதைப் பத்தி 1970கள்லயே ஆராய்ச்சி பண்ண டான் ஓல்வேயஸ் மூணு விஷயம் சொன்னார், வேணும்னே பண்றது, திரும்பத் திரும்பப் பண்றது, ரெண்டு பக்கமும் பலம் சமமா இல்லாம இருக்கறது. எனக்கு மூணாவதுதான் ரொம்ப முக்கியமா தெரியுது, அவனால திருப்பிக் கலாய்க்க முடியுமா, கலாய்ச்சா மத்தவங்க சிரிப்பாங்களா, இல்ல அதுக்கும் சேர்த்து அடி விழுமா. அப்புறம் அந்தப் பிள்ளை சிரிக்குதேன்னு மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க. வாய் சிரிக்கும், ஆனா கை பாட்டுக்கு பென்சில் பாக்ஸை மூடி, நோட்டை அடுக்கி, பேகுக்குள்ள திணிச்சுக்கிட்டு இருக்கும், பெல் அடிக்க இன்னும் நேரம் இருந்தாலும். சீக்கிரம் இங்கிருந்து போயிடணும்னு அந்தக் கை சொல்லுது.

சரி, கண்ணு முன்னாடி நடக்குது, இப்போ என்ன பண்றது. முதல்ல சிரிக்காதீங்க, போனை எடுத்து வீடியோ எடுக்காதீங்க, ஓட்டறவனுக்கு வேண்டியதே அந்த கூட்டமும் சிரிப்பும்தான். அடுத்தது, ஓட்டறவன்கிட்ட சண்டைக்குப் போறதைவிட மாட்டிக்கிட்டு முழிக்கிறவனை அங்கிருந்து கூட்டிட்டுப் போறது ரொம்ப ஈசி. நான் ஒன்பதாவது படிக்கும்போது எனக்கு பேச்சு கொஞ்சம் திக்கும், அதை அப்படியே பேசிக் காட்டி ஒரு குரூப் சிரிக்கும். என் கிளாஸ்ல ஒரு பொண்ணு அந்த நேரம் பார்த்து வந்து "சயின்ஸ் நோட்டு குடு, ரெகார்டு எழுதணும், வா எடுத்துத் தா"ன்னு கூப்பிடுவா, அவ்ளோதான், அவங்களை ஒரு வார்த்தை திட்டினது கிடையாது, நான் எழுந்து அவகூட போயிடுவேன், அதுக்கப்புறம் அங்க சிரிக்கறதுக்கு ஆள் இல்ல. அவகிட்ட ஏற்கனவே அந்த நோட்டு இருந்துச்சுன்னு எனக்கு நல்லாவே தெரியும். இந்த மாதிரி ஒரு சாக்கு எப்பவும் ரெடியா வெச்சுக்கோங்க, மிஸ் கூப்பிடறாங்க, லைப்ரரி புக் திருப்பிக் குடுக்கணும், எதுவா இருந்தாலும் சரி. நேரா சொல்ல தைரியம் இருந்தா "விடுறா போதும்"னு சின்னதா சொல்லுங்க, லெக்சர் வேண்டாம், கூட இன்னொருத்தரையும் சேர்த்துக்கிட்டா இன்னும் நல்லது. கை ஓங்கற அளவுக்குப் போயிடுச்சுன்னா நடுவுல பூந்து அடி வாங்காதீங்க, ஓடிப்போய் பெரியவங்க யாரையாவது கூப்பிடுங்க, கூப்பிடும்போது முதல்ல எந்த இடம்னு சொல்லுங்க, கதை அப்புறம்.

அந்த நேரத்துல ஒண்ணும் பண்ண முடியலன்னா கூட முடிஞ்சுடுச்சுன்னு நினைக்காதீங்க. அன்னிக்கு சாயங்காலமே தனியா போய் "நான் பார்த்தேன், அவங்க பண்ணது தப்பு, நாளைக்கு என்கூட உக்காரு"ன்னு சொல்லுங்க. தனக்காக ஒருத்தராவது இருக்காங்கன்னு தெரிஞ்ச பிள்ளைங்க தன்னைத்தானே தாழ்வா நினைக்கறது குறையுதுன்னு பின்லாந்துல நடந்த ஆய்வுகள் சொல்லுது. ஸ்கூல்ல இந்த வம்பைத் தடுக்க அங்க துர்க்கு யூனிவர்சிட்டி உருவாக்கின 'கிவா'ங்கற திட்டத்துலயும் வம்பு பண்றவனை மட்டும் பிடிச்சுத் திருத்தாம மொத்த கிளாஸுக்கும்தான் பயிற்சி குடுக்கறாங்க.

டீச்சர்கிட்ட சொல்றதுக்கு நிறைய பேர் தயங்கறது போட்டுக் குடுக்கறவன்னு பேர் வந்துடும்னுதான். ஒருத்தனை மாட்டி விடணும்னு சொல்றது வேற, ஒருத்தனைக் காப்பாத்தணும்னு சொல்றது வேற, உங்க மனசுக்கே அது தெரியும். சொல்லும்போது "அவன் ரொம்ப மோசம் மிஸ்"னு சொன்னா அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது. "நேத்து இன்டர்வெல்ல ரெண்டாவது மாடி படிக்கட்டுல இவங்க மூணு பேரும் அவனோட பேகைப் பிடுங்கினாங்க, இன்ன வார்த்தை சொன்னாங்க, போன வாரமும் இதே இடத்துல நடந்துச்சு"ன்னு சொல்லுங்க, முடிஞ்சா ஒரு பேப்பர்ல எழுதியே குடுங்க. இடமும் நேரமும் ரொம்ப முக்கியம். படிக்கட்டு, பாத்ரூம், ஸ்கூல் பஸ்ஸோட கடைசி சீட்டு, பெரியவங்க கண்ணு படாத இந்த மாதிரி இடத்துலதான் இதெல்லாம் அதிகம் நடக்கும், எங்கன்னு தெரிஞ்சா அங்க ஒரு ஆளை நிறுத்தலாம். உங்க பேர் வெளிய வரக்கூடாதுன்னும் கேட்டுக்கோங்க. ரெண்டு பேரையும் ஒண்ணா கூப்பிட்டு கை குடுக்க வெச்சு சமாதானம் பண்றது சமமான ரெண்டு பேர் சண்டைக்கு சரி, இதுக்கு ஆகாது, வெளிய போனதும் இன்னும் மோசமா நடக்கும், அதனால தனித்தனியா விசாரிங்கன்னு தயங்காம கேளுங்க. ஒரு டீச்சர் கண்டுக்கலன்னா இன்னொரு டீச்சர், அப்புறம் ஹெச்.எம்., வீட்ல அம்மா அப்பா, யாராவது ஒருத்தர் காது குடுக்கற வரைக்கும் விடாதீங்க.

கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல நடந்தா அங்க போடற சிரிக்கிற இமோஜியும் சிரிப்புதான். திட்டி வந்த மெசேஜை பேரும் நேரமும் தெரியற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுட்டு பெரியவங்ககிட்ட காட்டுங்க. ஆனா யாரோட அந்தரங்க போட்டோவாவது வந்துச்சுன்னா ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம், ஃபார்வர்டும் வேண்டாம், அப்படியே உடனே ஒரு பெரியவங்ககிட்ட போங்க.

சில விஷயத்துக்கு ஒரு நாள் கூட காத்திருக்கக் கூடாது. யாராவது கத்தி மாதிரி எதையாவது ஸ்கூலுக்குக் கொண்டு வந்தா, போட்டோவை வெச்சு மிரட்டினா, தொடக்கூடாத இடத்துல தொட்டா, இல்ல உங்க ஃப்ரெண்ட் "நான் இருந்து என்ன பண்ணப் போறேன்"னு சொன்னா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியமே பண்ணிக் குடுத்திருந்தாலும் அன்னிக்கே சொல்லிடுங்க. அவன் கோச்சுக்கிட்டா கோச்சுக்கட்டும், உயிரோட இருந்து கோச்சுக்கட்டும்.

கடைசியா, வம்பு பண்றவனே உங்க ஃப்ரெண்டா இருந்தா என்ன பண்றதுன்னு கேப்பீங்க. எல்லார் முன்னாடியும் கேட்டா அவனுக்கு வீம்புதான் வரும், வீட்டுக்குப் போற வழியில ரெண்டு பேரும் தனியா இருக்கும்போது "அவனை விட்டுடுடா, எனக்கு அது பிடிக்கல, இனிமே நீ அதைப் பண்ணா நான் அங்க நிக்க மாட்டேன்"னு சொல்லுங்க, மறுநாள் அவன் திரும்ப ஆரம்பிச்சா நிஜமாவே எழுந்து போயிடுங்க, போகும்போது அந்தப் பிள்ளையையும் கூப்பிட்டுக்கோங்க.