கேஸ் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணத்தில் நிரல் எழுதப் பழகும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். கேஸ் என்பது நிரலில் வரும் பெயர்களில் சொற்களைச் சேர்த்தெழுதும் பாணி. பெயர்களை ஒரு கேஸிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பயிற்சியில் வருஷா வருஷம் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். ஓடவிட்டதும் தாமே தெரிந்துவிடும் சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன்.

பெரிய எழுத்தைக் கண்டதெல்லாம் பிரிப்பது

கேமல் கேஸில் புதுச் சொல் பெரிய ஆங்கில எழுத்தில் தொடங்கும்; ஸ்நேக் கேஸில் சொற்களுக்கு நடுவே அடிக்கோடு வரும். கேமல் கேஸில் ஜிஎஸ்டி என மூன்று பெரிய எழுத்துகள் சேர்ந்து வந்தால், ஸ்நேக் கேஸில் ஜி_எஸ்_டி என்று உடைந்துவிடும். தொடர்ந்து வரும் பெரிய எழுத்துகளை ஒரே சொல்லாகப் பிடியுங்கள்.

போன வழியே திரும்பலாம் என்று நம்புவது

மாற்றிய பெயரிலிருந்து மூலப் பெயரை எப்போதும் மீட்க முடியாது. மூலப் பெயரையும் சேமித்து வையுங்கள்.

தமிழை பேக்ஸ்லாஷ் டபிள்யூவிடம் விடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். பைத்தானில் 'கூலி' என்று மாறிக்கே பெயர் வைக்கலாம். ஆனால் அதே பைத்தானின் ரீஜெக்ஸில் (எழுத்துகளை வடிவம் சொல்லித் தேடும் முறை), எழுத்தைக் குறிக்கும் பேக்ஸ்லாஷ் டபிள்யூ, தமிழின் துணைக்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக ஏற்பதில்லை. 'எழுத்து அல்லாததை அடிக்கோடாக்கு' என்றால் கும்பகோணம் 'க_ம_பக_ணம_' ஆகிவிடும்.

அசிங்கமாகத் தெரிந்தால்கூடப் பரவாயில்லை, கண்டுபிடித்துவிடலாம். மன்னார்குடிப் பக்கம் ஒரு நெல் வியாபாரியின் சம்பா அறுவடைக் கணக்கில் நடந்தது அதைவிட மோசம். மூட்டை தூக்குபவர்களுக்கு 'கூலி' என்று ஒரு பத்தி (அட்டவணையின் நெடுவரிசை), மிச்சச் சாக்குகளுக்கு 'காலி' என்று ஒரு பத்தி. மாற்றியபின் ஓரத்து அடிக்கோட்டை நீக்கினால் இரண்டுமே 'க_ல'. டிக்‌ஷனரியில் (ஒவ்வொரு பெயரையும் சாவியாக வைத்து மதிப்பைச் சேமிக்கும் அமைப்பு) பின்னால் வந்தது முன்னதை அழித்தது. கூலி இருக்க வேண்டிய இடத்தில் சாக்கு எண்ணிக்கை நின்றது. பிழைச்செய்தி ஒன்றும் வரவில்லை. வெயிலில் மூட்டை தூக்கியவர்கள் காசுக்காக நடையாய் நடந்தார்கள். நிரலை எழுதிய பையன் ஆங்கிலச் சொற்களை மட்டும் போட்டுச் சோதித்திருந்தான்.

என்ன செய்யலாம்? எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களையும் உங்கள் ரீஜெக்ஸில் வெளிப்படையாகச் சேருங்கள். அல்லது ரீஜெக்ஸ் என்ற பெயரிலேயே தனியாகக் கிடைக்கும் பைத்தான் தொகுப்பைப் பயன்படுத்துங்கள். அது துணைக்குறிகளையும் எழுத்தோடு சேர்த்தே எடுக்கும். ஜாவாஸ்கிரிப்டில் பேக்ஸ்லாஷ் டபிள்யூவுக்குத் தமிழே தெரியாது. அங்கே யூனிகோட் எழுத்து வகையோடு குறி வகையையும் சேர்க்க வேண்டும். அப்புறம், 'கோ'வின் துணைக்குறியை ஒரே குறியீடாகவும் இரண்டு குறியீடுகளாகவும் எழுத முடியும். அதனால் முதலில், இரண்டையும் ஒரே வடிவமாக்கும் என்எஃப்சி முறைக்கு மாற்றிவிடுங்கள்.

மாற்றியபின் சாவிகளின் எண்ணிக்கை பத்திகளின் எண்ணிக்கையைவிடக் குறைந்தால் நிரல் அங்கேயே நிற்கட்டும்.

பெயரில் வரும் எண்ணைச் சொல்லோடு ஒட்டுவதா, பிரிப்பதா

எதுவானாலும் சரி. திட்டம் முழுக்க ஒன்றே இருக்கட்டும்.