ஒண்ணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும்: பசங்க வாசிப்புக் குழுவுக்கு புத்தகம் எப்படி தேர்ந்தெடுக்கறது

பாலக்கோடு பக்கத்துல ஒரு கிராமம் எங்களுது. ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை காலைல எங்க வீட்டுத் திண்ணைல ஊர்ப் பசங்கள உக்கார வெச்சு புத்தகம் படிக்கிறோம், பன்னெண்டு பேர்ல இருந்து பதினஞ்சு பேர் வரைக்கும் வருவாங்க, ஒண்ணாவது படிக்கிறதும் இருக்கும் அஞ்சாவது படிக்கிறதும் இருக்கும், பாதி பேருக்கு அப்பா அம்மா பெங்களூர்ல வேலைக்குப் போயிட்டாங்க, ஆயா தாத்தா வீட்லதான் வளர்றாங்க. பென்னாகரம், காரிமங்கலம் பக்கமெல்லாம் இதே மாதிரி ஆரம்பிக்கணும்னு நெனைக்கிறவங்க கேக்கற மொத கேள்வி "என்ன புத்தகம் வாங்கட்டும்"ங்கறதுதான். அதுக்காகத்தான் இத எழுதறேன்.

ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாடி தானா வரும். காதுக்கு ஒரு புத்தகம், கண்ணுக்கு ஒரு புத்தகம். ரெண்டாவது படிக்கிற பையனுக்கு நாம படிச்சுக் காட்டினா நாலாவது பசங்க கதை கூட நல்லா புரியும், ஆயாகிட்ட எவ்ளோ பெரிய கதையெல்லாம் கேட்டு வளந்தவன் அவன், ஆனா அவனே எழுத்துக் கூட்டிப் படிக்கணும்னா ஒரு பக்கத்துக்கு ரெண்டு வரி இருந்தாதான் மூச்சு வாங்காம படிப்பான். இந்த ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கிட்டா ரெண்டு விதமாவும் தப்பாகும். ஈஸியா படிக்கிறதையே குடுத்தா கதைல ஒண்ணும் இருக்காது, போரடிச்சுப் போயிடும். நல்ல கதையா பாத்து கையில குடுத்தா படிக்க முடியாம நமக்கு வராதுன்னு முடிவு பண்ணிடுவான். அதனால ஒவ்வொரு வாரத்துக்கும் ரெண்டு புத்தகம் வெச்சுக்கோங்க, ஒண்ணு நீங்க சத்தமா படிக்கறதுக்கு, இன்னொண்ணு பசங்க ஜோடி ஜோடியா உக்காந்து அவங்களே படிக்கறதுக்கு.

ஆரம்பத்துல நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடைல நீதிக்கதை செட் ஒண்ணு வாங்கிட்டு வந்தேன், பத்து புத்தகம், பளபளன்னு அட்டை. ஒவ்வொரு கதை முடிவுலயும் கட்டம் கட்டி நீதி போட்டிருந்தாங்க. படிச்சு முடிச்சதும் என்ன தோணுதுன்னு கேட்டா எல்லாரும் ஒரே குரல்ல அந்த கட்டத்துல இருக்கறத ஒப்பிச்சாங்க, அதுக்கு மேல பேச்சே இல்ல. நாலு வாரம் இப்படியே போச்சு. அஞ்சாவது வாரம் ஆடு காணாமப் போற ஒரு சின்ன படக்கதை, நீதி கீதி ஒண்ணும் இல்ல, கடைசில ஆடு தானா வந்துடும், அவ்ளோதான். அன்னைக்கு முக்கா மணி நேரம் பேசினாங்க. "கயித்த யாரு சரியா கட்டாம விட்டது", "அந்த பொண்ண அவங்கம்மா ஏன் திட்டல", "எங்க ஆடு ஒருதடவ மாந்தோப்புல போயி நின்னுக்கிச்சு"ன்னு ஆளாளுக்கு சொல்றாங்க. அதுல இருந்து எனக்கு ஒரு பழக்கம், கடைல புத்தகத்த கையில எடுத்ததும் கடைசிப் பக்கத்த மொதல்ல பாத்துடுவேன். கதை அங்க முடிஞ்சு போச்சா, இல்ல பசங்க பேசறதுக்கு ஏதாவது மிச்சம் இருக்கான்னு பாத்துட்டுதான் வாங்கறது. பஞ்சதந்திரக் கதை, தெனாலிராமன் கதையெல்லாம் தாராளமா வெச்சுக்கலாம், நீதி வரியப் படிக்காம விட்டுட்டா போதும்.

அடுத்து எழுத்து. இத நெறைய பேர் கவனிக்கறதில்ல. நம்ம பசங்க வீட்ல "வந்துச்சு", "போயிட்டிருந்தான்"னு பேசறாங்க, புத்தகத்துல "வந்தது", "சென்றுகொண்டிருந்தான்"னு இருக்கு. மூணாவது படிக்கிற ஒரு பொண்ணு, நல்லா படிக்கிற பொண்ணுதான், "சென்றுகொண்டிருந்தபொழுது"ங்கற வார்த்தைய படிக்கும்போது பக்கத்துல உக்காந்து பாத்தேன். விரல வெச்சுக்கிட்டு சென், று, கொண், டின்னு ஒவ்வொண்ணா தாண்டிப் போறா, கடைசி எழுத்துக்கு வரும்போது மொத எழுத்து மறந்து போச்சு, திரும்ப முதல்ல இருந்து. மூணாவது தடவ புத்தகத்த மூடி மடில வெச்சுக்கிட்டா. அந்த ஒரு வார்த்தையாலதான், கதை மேல தப்பே இல்ல. அதனால பசங்களே படிக்கறதுக்கு எடுக்கும்போது கதை எப்படி இருக்குன்னு பாக்கறதுக்கு முன்னாடி ஒரு பக்கத்துல இந்த மாதிரி ஒட்டிக்கிட்டு வர்ற நீள வார்த்தை எத்தன இருக்குன்னு எண்ணுங்க, ரெண்டுக்கு மேல இருந்தா அது காதுக்கான புத்தகம், நீங்க படிச்சுக் காட்டுங்க. எழுத்து பெருசா இருக்கணும், வரிக்கு நடுவுல எடம் இருக்கணும், படத்து மேலயே எழுத்த அச்சடிச்சிருந்தா சின்னப் பசங்களுக்கு கண்ணு தடுமாறும். பேசற வரியெல்லாம் பேச்சுத் தமிழ்லயே போடற புத்தகம் இப்ப நெறைய வருது, கெடச்சா விடாதீங்க.

கையில குடுத்துப் பாக்கறதுக்கு அஞ்சு விரல் கணக்கு ஒண்ணு இருக்கு, எங்கயும் சொல்றதுதான். ஒரு பக்கம் படிக்கச் சொல்லுங்க, தெரியாத வார்த்தைக்கு ஒவ்வொரு விரலா மடக்கிக்கிட்டே வரட்டும், அஞ்சும் மடங்கிடுச்சுன்னா அது இப்ப வேணாம். தமிழுக்கு நான் மூணு விரல்லயே நிறுத்திக்கறேன்.

எங்க கிடைக்கும்னு கேட்டா, காசு இல்லாம ஆரம்பிக்கணும்னா ஸ்டோரிவீவர்தான். பிரதம் புக்ஸ் 2015ல ஆரம்பிச்ச வெப்சைட், தமிழ்ல நெறைய கதை இருக்கு, எறக்கி பிரின்ட் போட்டு பசங்களுக்குக் குடுக்கறதுக்கு அவங்களே அனுமதி குடுத்திருக்காங்க, கீழ எழுதினவங்க படம் போட்டவங்க பேரு மட்டும் எடுக்காம இருந்தா போதும். அதுல நாலு லெவல் இருக்கு, லெவல் 1ன்னா 250 வார்த்தைக்குள்ள, லெவல் 2ன்னா 600 வரைக்கும், லெவல் 3ன்னா 1500 வரைக்கும், அதுக்கு மேல போனா லெவல் 4. ஆனா லெவல் நம்பர மட்டும் நம்பிடாதீங்க, இங்கிலீஷ்ல நாலு வார்த்தைல சொல்றது தமிழ்ல ஒட்டிக்கிட்டு ஒரே வார்த்தையா வந்துடும், வார்த்தை எண்ணிக்கை கம்மியா தெரியும் படிக்கறதுக்கு கஷ்டமா இருக்கும். மொழிபெயர்ப்புக் கதைங்கள ஒருதடவ வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க, நம்ம வாய்ல வராத வாக்கியம் பசங்க வாய்லயும் வராது.

காசு குடுத்து வாங்கறதுன்னா துலிகா, நேஷனல் புக் டிரஸ்ட், பாரதி புத்தகாலயம் இவங்கதெல்லாம் பாருங்க, 16 பக்கம், 24 பக்கத்துல வர்ற மெல்லிசு புத்தகமா எடுங்க, ஒரு பெரிய தடிப் புத்தகத்துக்கு பதிலா நாலு சின்னதா வாங்கினா பசங்களுக்கு ஒரு புத்தகத்த முடிச்சுட்டோம்ங்கற சந்தோஷம் சீக்கிரம் கிடைக்கும். தருமபுரி புத்தகத் திருவிழாவுக்கு பசங்களையே கூட்டிட்டுப் போங்க, அவங்க எந்த ஸ்டால்ல நின்னு பொரட்டிக்கிட்டிருக்காங்கன்னு பின்னாடி நின்னு பாத்தாலே நமக்கு பாதி தெரிஞ்சிடும். கவர்ன்மென்ட் ஸ்கூல்ல வாசிப்பு இயக்கம் புத்தகங்க நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படியா இருக்கும், ஊஞ்சல் இதழும் வரும், டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க, நம்ம ஊருல கேட்டா இல்லன்னு சொல்றவங்க கம்மி. கிருஷ்ணகிரி பக்கம் இருக்கறவங்க ஊத்தங்கரை தாண்டி சிங்காரப்பேட்டை பக்கத்துல இருக்கற குக்கூ காட்டுப்பள்ளிய சேர்ந்தவங்க கொண்டு வந்த தும்பிங்கற சிறுவர் இதழ பாருங்க, அந்தப் படங்கள வெச்சே ஒரு நாள் முழுசும் பேசலாம். கிளை நூலகத்துல பசங்க பேர்லயே கார்டு போட்டுக் குடுங்க. வெள்ளிக்கிழமை லீவு, அன்னைக்குப் போயி ஏமாந்துடாதீங்க.

இப்ப யாரு தேர்ந்தெடுக்கறது? நான் மூணு புத்தகம் எடுத்து வைப்பேன், அதுக்கு மேல வேல அவங்களுது. மூணையும் தரைல வரிசையா வெச்சு ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பக்கம் படிச்சுக் காட்டிடுவேன், அப்புறம் ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை, எந்தப் புத்தகம் வேணுமோ அது மேல வெக்கணும். மொதல்ல என்ன ஆச்சுன்னா பெரிய பசங்க சொல்றதுதான் ஜெயிக்கும், சின்னதுங்க அண்ணன் எங்க வெக்கறானோ அங்கயே வெச்சுடும், அதனால இப்ப ஒண்ணாவது ரெண்டாவதுக்கு ஆளுக்கு ரெண்டு கொட்டை, அவங்கதான் மொதல்ல வெக்கணும், பெரிய பசங்க அந்த நேரம் தெருப் பக்கம் திரும்பி உக்காந்துக்கணும். தோத்த புத்தகத்த எடுத்து உள்ள வெச்சுட்டு ரெண்டு மாசம் கழிச்சு திரும்ப வெப்பேன், சில சமயம் அது ஜெயிக்கும்.

கதை மட்டும் எடுக்காதீங்க. கதைன்னா வாயே தெறக்காத பசங்க சிலபேர் இருப்பாங்க, விஷயம் சொல்ற புத்தகம்னா வேற ஆளா மாறிடுவாங்க. எங்க குழுல நாலாவது படிக்கிற ஒரு பையன் ஆறு மாசம் தூண்ல சாஞ்சு உக்காந்து வேடிக்கைதான் பாத்துட்டிருந்தான். ஒருநாள் பட்டுப்புழு பத்தி ஒரு படப்புத்தகம் படிச்சேன். புழு சாப்பிடாம தலைய தூக்கிக்கிட்டு தூங்குதுன்னு ஒரு பக்கத்துல இருந்துச்சு. "தூக்கம் இல்லக்கா அது"ன்னு தூண் பக்கம் இருந்து குரல். "தோல் உரிக்கப் போகுது, நாலு தடவ உரிக்கும், அப்ப தொடக்கூடாது, தழையும் போடக்கூடாது"ன்னு சொல்லிக்கிட்டே எந்திரிச்சு வந்து என் கையில இருந்து புத்தகத்த வாங்கிட்டான். அவங்க வீட்ல பட்டுப்புழு வளக்கறாங்க. ஒவ்வொரு படமா காட்டி இது மூணாவது தோலுக்கு அப்புறம் இருக்கற சைஸு, இது கூடு கட்டற நேரம், ஒரு கூட்ல இருந்து 1 கிலோமீட்டர் வரைக்கும் கூட நூலு வரும்னு அப்பா சொன்னாருன்னு சொல்றான். அன்னைக்குத்தான் அவன் குரல சரியா கேட்டேன். உங்க ஊருல என்ன இருக்கோ அதப் பத்தின புத்தகமா தேடுங்க, ராகி, மாமரம், தேன்கூடு, தளி தேன்கனிக்கோட்டை பக்கம்னா யானை, ஒகேனக்கல் பக்கம்னா ஆறும் மீனும். தனக்குத் தெரிஞ்ச விஷயம் அச்சுல வருதுன்னு பாக்கும்போது பசங்க முகம் மாறறத நீங்களே பாப்பீங்க.

ஓசூர், ராயக்கோட்டை, வேப்பனஹள்ளி பக்கம் நடத்தறவங்களுக்கு தனியா ஒரு வார்த்தை. அங்க பாதி பசங்களுக்கு வீட்டு மொழி தெலுங்கு இல்லன்னா கன்னடம், சில வீட்ல உருது, ஸ்கூல்ல தமிழ். அந்தப் பசங்க பேசலன்னா கதை புரியலன்னு முடிவு பண்ணிடாதீங்க. ஸ்டோரிவீவர்ல ஒரே கதை பல மொழில இருக்கும், அதே கதைய தெலுங்குலயோ கன்னடத்துலயோ வீட்ல யாராவது படிச்சுக் காட்டிட்டு அப்புறம் தமிழ்ல படிக்க வெச்சுப் பாருங்க. படிக்கத் தெரிஞ்சவங்க வீட்ல இல்லன்னா படத்த மட்டும் காட்டி அவ்வாவ, அதான் அவங்க ஆயாவ, கதை சொல்லச் சொல்லுங்க. எழுத்தே இல்லாத படக்கதை இதுக்கு ரொம்ப நல்லது, எந்த மொழிலயும் சொல்லிக்கலாம், படிக்கத் தெரியாத ஆயாவும் பேரனும் ஒண்ணா உக்காந்து பொரட்டலாம். ஒண்ணாவது பசங்களுக்கு மொத ரெண்டு மாசம் நான் இதத்தான் குடுப்பேன், கூட திரும்பத் திரும்ப ஒரே வரி வர்ற பாட்டு.

நம்ம மண்ணோட கதைங்களையும் விட்டுடாதீங்க. அதியமான் ஔவையாருக்கு நெல்லிக்கனி குடுத்த கதை எல்லாருக்கும் தெரியும், ஔவையாரே அதப் பாடினது புறநானூறு 91ஆவது பாட்டு. அஞ்சாவது பசங்ககிட்ட "அந்தக் கனிய நீ வாங்கியிருப்பியா"ன்னு மட்டும் கேட்டேன். ஒரு பொண்ணு சொல்றா, ராஜா செத்துப் போயிட்டா ஊர யாரு பாத்துக்கறது, நான் பாதி கடிச்சுட்டு மீதிய திருப்பிக் குடுத்துடுவேன்னு. எந்தப் புத்தகமா இருந்தாலும் ஒரு கேள்வி போதும், அதுக்கு ரெண்டு பேர் ரெண்டு விதமா பதில் சொல்லணும். அப்படி ஒரு கேள்வி உங்களுக்கே தோணலன்னா அந்தப் புத்தகத்த அன்னைக்கு எடுக்காதீங்க.

வாங்கறதுக்கு முன்னாடி படங்கள நிதானமா பாருங்க. கெட்டவங்கள மட்டும் கருப்பா வரைஞ்சிருக்காங்களா, பொம்பளப் பிள்ளைங்க எல்லாப் பக்கத்துலயும் சமையக்கட்டுலயே நிக்கறாங்களா, ஏழை வீடுன்னா அழுக்காதான் காட்டறாங்களா. எங்க பசங்க நெறம் என்ன, அவங்க வீடு எப்படின்னு எனக்குத் தெரியும், அவங்க முன்னாடி அந்தப் புத்தகத்த விரிக்க எனக்கு மனசு வராது. அம்மா அப்பா பிரிஞ்சிருக்கற கதை, சாவு வர்ற கதையெல்லாம் வேணாம்னு நான் சொல்லமாட்டேன், பெங்களூர்ல இருக்கற அம்மாவ நெனச்சுக்கிட்டிருக்கற பிள்ளைக்கு அந்த மாதிரி கதை ரொம்ப வேண்டியது, ஆனா அத குழுல மொததடவையா படிக்காதீங்க, முன்னாடியே நீங்க தனியா படிச்சுட்டு, எந்தப் பிள்ளை பக்கத்துல நீங்க உக்காரணும்னு யோசிச்சுட்டு வாங்க.

எத்தன காப்பி வேணும்னா, காதுக்கான புத்தகம் ஒண்ணே போதும், படம் எல்லாருக்கும் தெரியற மாதிரி பெருசா இருக்கணும். கண்ணுக்கான புத்தகம் ரெண்டு பேருக்கு ஒண்ணு, பெரிய பிள்ளை ஒண்ணு சின்னப் பிள்ளை ஒண்ணு சேத்து விடுங்க. ஒரே புத்தகத்த திரும்பக் கேட்டாங்கன்னா மறுக்காம குடுங்க, மூணாவது தடவ படிக்கும்போதுதான் சரளமா வரும். மே மாசம் மாங்கா சீசன்ல பசங்க தோப்புக்குப் போயிடுவாங்க, பாதி பேர் பெங்களூர் போயி அப்பா அம்மா கூட இருந்துட்டு வருவாங்க, அப்ப புதுசா எதுவும் ஆரம்பிக்க வேணாம், அவங்க ரொம்ப தடவ கேட்ட புத்தகமா பாத்து ஆளுக்கு ஒண்ணு பையில போட்டு அனுப்பிடுங்க. போன வருஷம் பதினாலு புத்தகம் போச்சு, பதினொண்ணு திரும்பி வந்துச்சு, அதுல ஒண்ணுல கடைசிப் பக்கத்துல பென்சில்ல "அம்மாவும் படிச்சாங்க"ன்னு எழுதியிருந்துச்சு.