அனிமேஷன் ஃபீல்டு பூம் ஆகுதுன்னு நம்பி நாம பண்ற தப்புங்க

"இந்தியாவுல அனிமேஷன் பயங்கரமா வளருது, இப்ப உள்ள போயிட்டா செட்டில்"னு யாராவது சொன்னா உடனே தலையாட்டிடாதீங்க. வளருறது உண்மைதான், ஆனா வளருறது எதுன்னு பாக்காம விடுறதுதான் பெரிய தப்பு. இங்க நடக்கற வேலையில பெரும்பகுதி வெளிநாட்டுக் கம்பெனிக்கு செஞ்சு குடுக்கறது. கதை அவங்களோடது, கேரக்டர் அவங்களோடது, பொம்மை, டிஷர்ட்னு வித்து வர்ற காசும் அவங்களுக்கு, நமக்கு செஞ்ச வேலைக்குக் கூலி அவ்ளோதான். அங்க ஷட்டரை இறக்கினா இங்க அடுப்பு எரியாது.

2025 பிப்ரவரில டெக்னிகலர் குரூப்ங்கற வெளிநாட்டு விஎஃப்எக்ஸ் (படத்துக்குக் கம்ப்யூட்டர்ல செய்யற காட்சி வேலை) கம்பெனி படுத்தப்போ பெங்களூரு, மும்பைல 3,000 பேருக்கு மேல ரோட்டுக்கு வந்தாங்க, அவங்க யாரும் வேலை தெரியாதவங்க இல்ல. 2013லயும் இதேதான், ரிதம் அண்ட் ஹியூஸ்ங்கற அமெரிக்க ஸ்டுடியோ திவால் மனு போட்ட அதே மாசம் லைஃப் ஆஃப் பை படத்துல அவங்க செஞ்ச விஎஃப்எக்ஸுக்கு ஆஸ்கர்! அந்தப் பக்கம் ஹைதராபாத்ல கிரீன் கோல்டுங்கற ஸ்டுடியோ 2008ல சோட்டா பீமை இறக்கினாங்க, கேரக்டர் அவங்க கைல இருந்ததால டிவி, படம், பொம்மைன்னு இன்னும் ஓட்டிக்கிட்டு இருக்காங்க. வித்தியாசம் அதுலதான்.

அடுத்து, ஒரு படம் ஹிட்டானதும் இனிமே எல்லாம் ஓடும்னு நினைக்கறது. 2025ல மகாவதார் நரசிம்மா 300 கோடிக்கு மேல வசூல் பண்ணிச்சு, சந்தோஷம். ஆனா 2005ல ஹனுமான் ஓடினப்பவும் இப்படித்தான் குதிச்சோம், அப்புறம் 2008ல யஷ் ராஜும் டிஸ்னியும் சேர்ந்து எடுத்த ரோட்சைடு ரோமியோவே நிக்கல. நம்ம ஊருல கோச்சடையான், ரஜினியே இருந்தும் என்னாச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

கோர்ஸ் விஷயத்துல நானே ஏமாந்தவன்தான். லட்சக்கணக்குல ஃபீஸ், நூறு சதவீதம் ப்ளேஸ்மென்ட்னு போர்டு, உள்ள போனா எந்த பட்டன் எங்க இருக்குன்னு மட்டும் சொல்லிக்குடுத்தாங்க. கடைசில கிளாஸ்ல எல்லார் ஷோரீல்லயும் (வேலை கேக்கும்போது காட்டற நம்ம வேலையோட வீடியோ) அதே பந்து அதே மாதிரி குதிக்குது, இன்டர்வியூல பத்து செகண்டு பாத்துட்டு நிறுத்திட்டாங்க. சாஃப்ட்வேர் ஒரு தடையே இல்லங்க, லாட்வியாக்காரங்க ஃப்ளோ படத்தை ஃப்ரீயா கிடைக்கற பிளெண்டர் சாஃப்ட்வேர்லயே முடிச்சு 2025ல ஆஸ்கர் வாங்கிட்டாங்க. மனுஷன் நடக்கும்போது உடம்பு வெயிட் எந்தக் கால்ல இறங்குதுன்னு கவனிக்கற கண்ணு வேணும், அதை எந்த டுடோரியலும் தராது.

ரோட்டோ (ஷாட்ல இருக்கற உருவத்தை ஃப்ரேம் ஃப்ரேமா வெட்டி எடுக்கறது), பெயிண்ட் (வேண்டாததை அழிக்கறது) வேலைல உள்ள நுழையறது ஓகே, ஆனா ஏஐ முதல்ல கை வைக்கறதே அங்கதான், அதனால அங்கயே உக்காந்துடாதீங்க. 2022 பட்ஜெட்ல ஏவிஜிசி (அனிமேஷன், விஎஃப்எக்ஸ், கேமிங், காமிக்ஸ்) டாஸ்க் ஃபோர்ஸ் அறிவிச்சாங்க, மும்பைல ஐஐசிடின்னு இதுக்குன்னே ஒரு இன்ஸ்டிடியூட் வந்திருக்கு, நல்ல விஷயம்தான். அதை நம்பி கடன் வாங்காதீங்க, அவ்ளோதான்.

அப்புறம் இன்டர்வியூ போனா சம்பளத்தோட சேர்த்து இதையும் கேளுங்க, இப்ப ஓடுற ப்ராஜெக்ட் உங்க சொந்த ஐபியா (கதை, கேரக்டர் உரிமை) கிளையன்ட்டோடதா, அது முடிஞ்சா அடுத்து கைல என்ன இருக்குன்னு. நான் முதல் கம்பெனில கேக்கல, கடைசி ஷாட் அப்ரூவ் ஆன வாரமே ஐடி கார்டை வாங்கி வச்சுக்கிட்டாங்க.